காற்று எந்தப் பக்கம்? மால்டாவில் ஒரு நாள் படகில் சுற்ற வேலூர்க்காரர்களுக்கு ஒரு கையேடு

வேலூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் படகு என்றால் ஏலகிரியில் புங்கனூர் ஏரியில் மிதிக்கிற பெடல் படகுதான். கோட்டை அகழியில் தண்ணீர் இருக்கும், பாலாற்றில் மணல் இருக்கும், கடல் பார்க்கணும் என்றால் காட்பாடியில் ரயிலேறி சென்னைக்குத்தான் போகணும். அப்படிப்பட்ட குடும்பத்தில் நாலு பேர், அம்மா, மனைவி, பதினோரு வயசுப் பையன், நான், போன செப்டம்பரில் மால்டா போய் வந்தோம். தங்கச்சி அங்கே நர்ஸ் வேலையில் இருக்கிறாள். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அதே வேலைக்கு அங்கே போயிருக்கிறார்கள், அவர்களுடைய அப்பா அம்மா அடுத்த வருஷம் கிளம்புகிறார்கள், ஆளாளுக்கு வந்து "அந்த படகுல எப்படிப் போனீங்க, எவ்ளோ ஆச்சு" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் வாயால் சொல்லி அலுத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

மால்டா என்பது இத்தாலிக்குக் கீழே, சிசிலிக்குத் தெற்கே கிடக்கிற குட்டி நாடு. மால்டா, கோசோ, கொமினோ என்று மூன்று தீவுகளில் ஆள் இருக்கிறார்கள், கொமினோவில் இருப்பதாகச் சொல்வது பேருக்குத்தான். மூன்றையும் சேர்த்தாலும் நம்முடைய ஒரு தாலுகா அளவுதான் வரும். ஆறு என்று ஒன்றுகூடக் கிடையாது, குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. 1964 வரை பிரிட்டிஷ்காரன் கையில் இருந்ததால் எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், வண்டியும் நம்மைப்போல இடது பக்கம்தான் ஓடுகிறது. ஊர்ப் பெயர்களைப் படிக்க ஒரே ஒரு சூட்சுமம் தெரிந்தால் போதும், எக்ஸ் எழுத்தை 'ஷ்' என்று படிக்கணும். மார்சக்ஸ்லொக் என்று கேட்டால் யாருக்கும் புரியாது, மார்சஷ்லொக் என்று கேட்டால் பஸ் டிரைவர் தலையாட்டுவார்.

சரி, படகுக்கு வருவோம். எல்லாரும் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி, எவ்வளவு காசு என்றுதான். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது. இதை நாங்கள் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆன்லைனில் பதிவு செய்து வைத்திருந்த ஒரு பெரிய படகில் ஏறினோம். கொமினோ, கோசோ, குகைகள், மதியச் சாப்பாடு, எல்லாம் ஒரே நாளில் என்று விளம்பரம். அன்றைக்கு வடமேற்குக் காற்று. துறைமுகத்துக்குள் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, வெளியே வந்ததும் படகு தலையாட்ட ஆரம்பித்தது, அரை மணி நேரத்தில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார், பையன் தட்டில் வாங்கி வைத்த பாஸ்தாவைத் தொடவே இல்லை. குகைப் பக்கம் அலை அதிகம், போக முடியாது என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொன்னார்கள். கொமினோவிலும் இறக்காமல் தூரத்திலிருந்தே காட்டினார்கள். பணம் கொஞ்சமாவது திரும்ப வருமா என்று கேட்டதற்கு, வானிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை, டிக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறோம் பாருங்கள் என்றார்கள். போட்டுத்தான் இருந்தது.

சாயந்திரம் வேலை முடிந்து வந்த தங்கச்சி கேட்ட முதல் வார்த்தை, "அண்ணா, காத்து எந்தப் பக்கம்னு பாக்காமயா போனீங்க?" அவளுக்கும் இது தானாகத் தெரிந்ததில்லை, கூட வேலை செய்கிற மால்டாக்காரப் பெண் சொல்லிக் கொடுத்ததாம். அங்கே உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போவதென்றால் காலையில் காற்றைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் எந்தக் கடற்கரை என்று முடிவு செய்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நமக்குப் புதுசு இல்லை. வேலூர்க்காரன் பகல் பஸ்ஸில் ஏறினால், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று கணக்குப் போட்டு அடுத்த பக்கம்தானே சீட்டுப் பிடிக்கிறான்? அதே கணக்குதான், வெயிலுக்குப் பதில் காற்று. தீவு சின்னது என்பதால் ஒரு பக்கம் கடல் கொந்தளித்தால் பெரும்பாலும் எதிர்ப் பக்கம் படுத்திருக்கும், பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் அங்கே இருக்கலாம்.

கணக்கு இப்படி. அங்கே அடிக்கடி அடிப்பது வடமேற்குக் காற்று, அவர்கள் பாஷையில் மஜ்ஜிஸ்திரால். அது பலமாக இருக்கும் நாளில் வடக்கு முனையையும் மேற்குப் பக்கத்தையும் கொமினோவையும் மறந்துவிட்டுத் தென்கிழக்கு மூலையில் இருக்கிற மார்சஷ்லொக் போங்கள். மீன்பிடிக் கிராமம், அங்கிருந்து சின்னப் படகுகள் டெலிமாரா முனையைச் சுற்றி செயின்ட் பீட்டர்ஸ் பூல் என்கிற பாறைக் குளம் வரை கூட்டிப் போகும். வடகிழக்குக் காற்று என்றால், அதற்குப் பெயர் கிரிகால், அந்தப் பக்கக் கரையில் இருக்கிற ஸ்லீமா, புஜிப்பா ஊர்களில் எல்லாம் அலை ஏறிவிடும், அன்றைக்குத் தெற்குக் கரையில் இருக்கிற ப்ளூ க்ராட்டோ குகைகள்தான் சரி. தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று வந்தால், அதை ஷ்லொக் என்பார்கள், மார்சஷ்லொக் ஊரின் பெயரிலேயே அந்தக் காற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம், வடக்கே கொமினோவுக்குப் போங்கள்.

அம்மா சர்ச்சுக்குப் போகிறவர். கிரிகால் என்றால் வடகிழக்குக் காற்று என்று தங்கச்சி சொன்னதும், "பவுல் போன கப்பல ஒடச்ச காத்து" என்றார். வேதாகமத்தில் பவுல் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மெலித்தா தீவு மால்டாதான் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. யூரோக்கிலிதோன் என்று தமிழ் வேதாகமத்தில் வருகிற கடுங்காற்றும் இந்த வடகிழக்குக் காற்றுதான் என்கிறார்கள். அந்த ஒரு பெயரை வைத்தே அம்மா மறுநாளிலிருந்து காற்று நிலவரம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

காற்று எங்கே பார்ப்பது? போனில் விண்டி என்று ஒரு ஆப் இருக்கிறது, இலவசம். மால்டா விமான நிலையத்தின் வானிலை அலுவலகமும் தினமும் காற்றின் திசையையும் பலத்தையும் போடுகிறது. பலத்தை ஃபோர்ஸ் என்று எண்ணில் சொல்வார்கள். 3 என்றால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகம், யாரும் போகலாம். 4 என்றால் 20 முதல் 28, கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரியும், சின்னப் படகு குதிக்கும், வயசானவர்களை ஏற்றாதீர்கள், எதிர்ப் பக்கக் கரைக்குப் போங்கள். 5 வந்துவிட்டால் படகையே மறந்துவிட்டு தலைநகரம் வல்லெட்டாவில் கோட்டையைச் சுற்றிப் பாருங்கள், நம்ம ஊர்க் கோட்டையைவிடப் பெரிசா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டு. காலையில் குறைவாக இருக்கிற காற்று மதியத்துக்கு மேல் ஏறுவது கோடையில் சகஜம், அதனால் எந்தப் பயணமாக இருந்தாலும் முதல் படகு அல்லது இரண்டாவது படகு. இதனால் இன்னொரு முடிவும் தானாக வருகிறது. ஊரிலிருந்தே படகுக்குப் பதிவு செய்யாதீர்கள், முந்தின நாள் ராத்திரி காற்றைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்தால் போதும். ஆகஸ்ட் மாதம் தவிர மற்ற நாளில் இடம் கிடைக்கும்.

மாதம் எது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்ம பிள்ளைகளுக்கு லீவு மே மாதம், ஆனால் மே மாதம் அந்தக் கடல் நமக்கு ஆகாது. தண்ணீர் 19, 20 டிகிரிதான் இருக்கும், அக்னி நட்சத்திரத்திலிருந்து போய் அதில் கால் வைத்தால் கத்திவிடுவீர்கள். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், அதனால் செப்டம்பர் கடைசியில்கூட 25 டிகிரி இருக்கிறது. காலாண்டுப் பரீட்சை லீவோடு நாலு நாள் சேர்த்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாக்காரன் முழுக்க அங்கேதான் இருப்பான், அதிலும் ஆகஸ்ட் 15 மாதா திருநாள், அந்த வாரம் வேண்டவே வேண்டாம்.

இப்போது படகு வகை. பெரிய படகு என்பது ஸ்லீமாவிலிருந்தும் புஜிப்பாவிலிருந்தும் கிளம்பும், ஆளுக்கு முப்பது யூரோ சுமாருக்கு, ஏழெட்டு மணி நேரம், பாட்டு, சறுக்கு, பார் எல்லாம் இருக்கும். யூரோ நூறு ரூபாயை ஒட்டி ஓடுகிறது, அதனால் கணக்குப் போடுவது சுலபம், மனசுக்குத்தான் கஷ்டம். காலேஜ் பசங்க கும்பலாகப் போவதென்றால் இது சரி. குடும்பமாகப் போகிறவர்களுக்கு என் அபிப்பிராயம் வேறு. பெரிய படகில் நாளில் பாதி சும்மா பயணத்திலேயே போகிறது, இறங்கின இடத்தில் படகு கிளம்புகிற நேரத்துக்கு ஓடி வரணும், அம்மாவுக்கு முடியவில்லை திரும்பிப் போகலாம் என்றால் வழியே கிடையாது. அதற்குப் பதில் பஸ்ஸில் தீவின் வடக்கு முனைக்கே போய்விட்டு அங்கிருந்து சின்னப் படகில் கொமினோவுக்குக் கடப்பது நல்லது. ஸ்லீமாவிலிருந்து 222, வல்லெட்டாவிலிருந்து 41, இரண்டும் சிர்கெவ்வா போகும். பஸ் டிக்கெட் 2.50 யூரோ, இரண்டு மணி நேரம் செல்லும். சிர்கெவ்வாவிலும் பக்கத்தில் மார்ஃபாவிலும் கொமினோ படகு நிற்கும், கால் மணி, இருபது நிமிஷத்தில் கொண்டுபோய் விடுவார்கள். திரும்பி வரும்போது, காற்று அனுமதித்தால், கொமினோ குகைகளுக்குள்ளேயும் மூக்கை நுழைத்துக் காட்டிவிட்டு வருவார்கள். ஏறும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு, டிக்கெட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொமினோவில் இறங்க இப்போது ஒரு புது நிபந்தனை இருக்கிறது. கூட்டம் தாங்காமல், 2025 கோடையிலிருந்து, எல்லாரும் குளிக்கப் போகிற ப்ளூ லகூன் என்கிற இடத்தில் இறங்குகிறவர்கள் இணையத்தில் நேரம் பதிவு செய்து கியூஆர் கோடு வாங்கணும். இலவசம்தான், ஆனால் ஒவ்வொருத்தருக்கும் வேண்டும். காலை நேரத்தைப் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் பெரிய படகுகள் வரிசையாக வந்து கொட்டும், அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைத்தாலே போதும்.

கொமினோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் என் மனைவிக்கு அந்தத் தீவின்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. மால்டா பாஷையில் கெம்மூனா. கெம்மூன் என்றால் சீரகம். ஒரு காலத்தில் அங்கே சீரகம் விளைந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது விளைவது புதரும் முள்ளும்தான், மேட்டில் 1618இல் கட்டின ஒரு காவல் கோபுரம் நிற்கிறது, மூன்றரை சதுர கிலோமீட்டர்தான் மொத்தத் தீவும். கார் கிடையாது, நிழல் கிடையாது. அவளுக்கு மட்டும் அது கடைசி வரை சீரகத் தீவு.

ப்ளூ லகூன் என்பது கொமினோவுக்கும் பக்கத்தில் இருக்கிற குட்டி கொமினோட்டோவுக்கும் நடுவில் உள்ள இடுக்கு. அடியில் வெள்ளை மணல், மேலே கலங்கலே இல்லாத தண்ணீர். அந்தக் கடலில் சத்துக் குறைவு, அதனால் நுண்ணுயிர்கள் குறைவு, அதனால்தான் அவ்வளவு தெளிவு என்று தங்கச்சி விளக்கினாள். எனக்கு மனசில் நின்றது வேறு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அம்மா கீழே பார்க்கிறார், கால் விரலில் போட்ட மெட்டி பளிச்சென்று தெரிகிறது, அதைச் சுற்றி விரல் நீள மீன் நாலு வந்து மோப்பம் பிடிக்கிறது. "இன்னாடா இது, கண்ணாடித் தொட்டியா" என்று சிரித்தார். முதல் பயணத்தில் கண்ணைத் திறக்காமல் வந்தவர்.

நீச்சல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கிணற்று நீச்சல் தெரிந்தவர்கள் ரொம்ப தைரியப்படவும் வேண்டாம். அந்தக் கடலில் உப்பு அதிகம், லிட்டருக்கு 38 கிராம் வரை, அதனால் உடம்பு நம்ம ஊர்த் தண்ணீரைவிட லேசாக மிதக்கும். மிதக்கிறது என்று தைரியம் வந்து, மிதவை கட்டின கயிற்றைத் தாண்டிப் போனால் அங்கே படகுப் பாதை, இடுக்கில் நீரோட்டமும் உண்டு. கயிற்றுக்கு உள்ளேயே இருங்கள். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது, மஞ்சள் என்றால் கவனம், ஊதாக் கொடி என்றால் ஜெல்லி மீன், நம்ம கடற்கரைக்காரர்கள் சொறி என்பார்களே அது. பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீரிலேயே அலசிவிட்டு, ஒட்டியிருக்கிற இழையை ஏடிஎம் கார்டு விளிம்பால் வழித்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ 112க்கு அடியுங்கள்.

ப்ளூ க்ராட்டோவுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள், அதற்கு அரை நாள் போதும், என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்திலும் காசுக்கு மதிப்பு இதுதான். வல்லெட்டாவிலிருந்து 74ஆம் நம்பர் பஸ். இறங்கி சரிவில் நடந்தால் ஒரு குறுகலான துறை, அங்கே எட்டு ஒன்பது பேர் உட்காருகிற சின்னப் படகு. பத்து யூரோவை ஒட்டித்தான் டிக்கெட், இருபது நிமிஷச் சுற்று, அன்றைக்குக் கடல் சரியில்லை என்றால் கவுண்டரையே திறக்க மாட்டார்கள், அதனால் ஏமாற வழியில்லை. போக வேண்டிய நேரம் காலை. வெயில் குகைக்குள் சாய்வாக விழுந்து, அடி மணலில் பட்டு, தண்ணீர் வழியாக மேலே வந்து பாறையில் ஏறும்போதுதான் அந்த நீலம் வருகிறது. மதியம் ஒரு மணி தாண்டினால் அது வெறும் குகை.

படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். உள்ளே பாறையில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும், பாத்திரத்தில் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி. நீர் மட்டத்தில் பாறை ஆரஞ்சும் ஊதாவுமாகக் கோடு போட்டிருக்கிறது, அதற்கு ஒரு சாண் கீழே, நம்ம வீட்டில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை வாளியில் விட்டதும் கலக்கும் முன்னால் ஒரு நொடி இருக்குமே, அந்த நிறம். பையன் கையை விட்டான், மணிக்கட்டு வரை நீலமாகிவிட்டது, எடுத்தால் சாதாரணக் கை. திரும்பத் திரும்ப விட்டு எடுத்துக்கொண்டே இருந்தான். போட்டோவில் இது வராது, முயற்சி செய்து போனைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.

மார்சஷ்லொக் போனால் அங்கே மீன்பிடிப் படகுகளைப் பாருங்கள். லுட்ஸு என்று பெயர், மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக அடித்து, முன் மூக்கில் இரண்டு பக்கமும் ஒரு ஜோடி கண் வைத்திருப்பார்கள். கடலில் கெட்டதைப் பார்த்து விலக்குவதற்காம். நம்ம ஊரில் புதுசாகக் கட்டுகிற வீட்டில் திருஷ்டி பொம்மை தொங்கவிடுகிற மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை நடக்கும், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

உடம்பு விஷயம். ஏலகிரி ஏறும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவில் எத்தனையாவதில் வாந்தி வருகிறது என்று ஒவ்வொருத்தரும் யோசித்துப் பாருங்கள். வராதவர்களுக்குப் படகிலும் பெரிசாக ஒன்றும் ஆகாது. ஆறேழாவது வளைவிலேயே கண்டக்டரிடம் கவர் கேட்கிறவர்கள், ஊரிலேயே டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கிப் போங்கள், படகு கிளம்பி ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை, ஒரு மணி நேரம் முன்பே போடணும், தூக்கம் வரும். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் எடுத்துப் போங்கள், எங்கள் படகில் ஒரு ஜெர்மன்கார அம்மாகூட இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டார். காலி வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். படகின் நடுவில் அல்லது பின்பக்கம் உட்கார்ந்து தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பாருங்கள். போனைப் பார்த்தால் அவ்வளவுதான்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை, இதில்தான் நம்ம ஆட்கள் எல்லாரும் ஏமாறுகிறார்கள். வேலூர் வெயிலையே பார்த்தாச்சு, முப்பது டிகிரி எல்லாம் ஒரு வெயிலா என்று நானும் தொப்பி இல்லாமல் உட்கார்ந்தேன். காற்று குளுகுளுவென்று அடிப்பதால் சுடுவதே தெரியாது. மேலிருந்து ஒரு வெயில், தண்ணீரில் பட்டுத் திரும்பி வருகிற வெயில் இன்னொன்று. ராத்திரி கழுத்தும் மூக்கும் உரிந்து சட்டைக் காலர் பட்டால் எரிந்தது. சன்ஸ்கிரீன், முழுக்கை, தொப்பியில் கட்டுகிற கயிறு, மூன்றும் வேண்டும்.

துணி: புடவை வேண்டாம். படகுக்கும் கரைக்கும் நடுவில் போடுகிற பலகை ஆடும், ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அதில் நடக்க முடியாது. அம்மா முதலில் மறுத்துவிட்டு அப்புறம் தங்கச்சியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டார், அதற்கப்புறம் ஊர் திரும்பும் வரை கழற்றவில்லை. காலுக்குப் பின்பட்டி உள்ள செருப்பு, ஹவாய் செருப்பு ஈரப் பாறையில் வழுக்கும். நாங்கள் அந்த ஊர்க் கடையில் பத்து யூரோவுக்குள் ரப்பர் ஷூ வாங்கினோம், பாறை விளிம்பு அருவாள்மனை மாதிரி இருக்கும், வாங்கினது நல்லதாகப் போயிற்று.

சாப்பாடு: கொமினோவில் வண்டிக் கடைகள்தான், விலையும் அதிகம், சைவமும் குறைவு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு போங்கள். தயிர் சோறு மதியத்துக்குள் புளித்துவிடும். கிளம்பும் முன் பஸ் நிலையத்துக் கடையில் பஸ்தீட்ஸி சாப்பிட்டுப் பாருங்கள், அடுக்கடுக்கான மாவுக்குள் பட்டாணி வைத்தது ஒன்று, பாலாடைக்கட்டி வைத்தது ஒன்று, நம்ம பேக்கரி பஃப்ஸுக்குச் சித்தி மகன். சுத்த சைவம் பார்க்கிறவர்கள் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள், அந்தச் சின்னத் தீவில் அதைப் போட இடமில்லை.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயது நிரம்பாத பிள்ளைகள் வரை 45, விண்ணப்பம் வாங்குகிற மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்கணும், நீங்கள் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்கே பிள்ளை வீட்டில் தங்குவதென்றால் அவர்களிடமிருந்து அதற்கான உறுதிக் கடிதம் வாங்குங்கள். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் போகணும். பிளக் பாயிண்டு பட்டைக் கம்பி மூன்று வைத்தது, நம்ம உருண்டைக் கம்பி போகாது, அடாப்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, சின்னப் படகில் ஏறவே மாட்டேன் என்கிற தாத்தா பாட்டி இருக்கிற குடும்பத்துக்கு. சிர்கெவ்வாவிலிருந்து கோசோ தீவுக்குப் போகிற பெரிய கப்பல் இருக்கிறது, கார், லாரி எல்லாம் ஏற்றுகிறது, லிஃப்ட், டாய்லெட், டீக்கடை உண்டு, கடலில் போகிற பஸ் ஸ்டாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 நிமிஷம். போகும்போது டிக்கெட்டே கேட்க மாட்டார்கள், திரும்பி வரும்போது கோசோவில் மட்டும் ஆளுக்கு 4.65 யூரோ. மேல் தளத்தில் நின்றால் கொமினோ, கோபுரம், குகை வாய்கள் எல்லாம் பக்கத்திலேயே கடந்து போகும், போகும்போது கொமினோ வலது கைப் பக்கம். கோசோவில் இறங்கி பஸ்ஸில் ட்வெய்ரா வரை போகலாம். அங்கேதான் அஸூர் விண்டோ என்று ஒரு பெரிய பாறை வளைவு கடலில் நின்றது, 2017 மார்ச் 8ஆம் தேதி புயலில் சரிந்துவிட்டது, இன்றைக்கும் சில விளம்பரங்களில் அதன் படத்தைப் போட்டு ஆள் பிடிக்கிறார்கள், நம்பிப் போகாதீர்கள். அது இல்லாவிட்டாலும் பக்கத்தில் இன்லேண்டு ஸீ என்கிற குட்டை இருக்கிறது, அங்கே மலைக்குள் ஒரு இயற்கைச் சுரங்கம் வழியாகச் சின்னப் படகில் நேராகக் கடலுக்குள் வெளியே வரலாம்.

கடைசி நாள் அம்மாவை இந்தக் கப்பலில்தான் கூட்டிப் போனோம். திரும்பி வந்து சிர்கெவ்வாவில் இறங்கினதும் 222 நின்றுகொண்டிருந்தது, அம்மா பஸ்ஸைப் பார்க்கவில்லை, கப்பலில் திரும்ப ஏறுகிற வரிசையைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி போலாமா கண்ணு, போறதுக்குக் காசில்லன்னியே." போனோம். விண்டியில் பார்த்தேன், தென்கிழக்கு, ஃபோர்ஸ் 2.